அரை டம்ளர் குரோம், எட்டுக் கிணறு

பழைய புல்லட்டையோ ஜாவாவையோ ஒரு தடவை முழுசாகப் பிரித்துப் போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எஞ்சின் எப்படியோ வழிக்கு வந்துவிடும். பிஸ்டன், ரிங் எல்லாம் சென்னை புதுப்பேட்டையில் நாலு கடை ஏறி இறங்கினால் கிடைத்துவிடும். உயிரை எடுப்பது சின்னச் சாமான்கள்தான். ஆக்சில் நட்டு, செயின் அட்ஜஸ்டர், வாஷர், பிரேக் ராடு, ஹெட்லைட் ரிம்... எல்லாம் துருவேறிக் கருப்பட்டி நிறத்தில் கிடக்கும். அவற்றை ஒரு டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டு பிளேட்டிங் பட்டறைக்குப் போனால் பதில் தயாராக இருக்கும்.

"இத்தனூண்டு சாமானுக்கெல்லாம் தொட்டிய ஓட்ட முடியாது தம்பி. ஒரு மூட்டையா கொண்டாங்க, பாக்கலாம்."

ஒரு மூட்டை போல்ட்டுக்கு அந்தத் தம்பி எங்கே போவார்? கெஞ்சிக் கூத்தாடிக் கொடுத்தாலும் திரும்ப வாங்கும்போது நாலு வாஷர் குறையும். பஃபிங் வீலில் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் போல்ட் தலையில் இருந்த எழுத்தெல்லாம் காணாமல் போயிருக்கும். வெறுத்துப்போய் வீட்டுக்கு வந்து இணையத்தைத் திறக்கிறார். அங்கே ஒரு புண்ணியவான் பிளாஸ்டிக் டப்பா, வினிகர், உப்பு, பழைய மொபைல் சார்ஜர் இவற்றை மட்டும் வைத்துப் பளபளவென்று முலாம் பூசிக் காட்டுகிறார். மொத்தச் செலவு சில நூறு ரூபாய்தானாம்!

இந்தச் சில நூறு ரூபாய்க் கணக்கு பொய்க்கணக்கு. இங்கே சண்டை அந்தக் கணக்கோடுதான்.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயம்

வீட்டில் முலாம் பூசுவதே பாவம் என்று யாரும் சொல்லவில்லை. உண்மையில் இது அழகான வேலை. துருவை நீக்கிச் சுத்தமாகக் கழுவிய இரும்புச் சாமானை மின்சாரத்தின் எதிர்முனையில் கட்டித் தொங்கவிட வேண்டும். துத்தநாகத் தகட்டை (கடையில் கேட்டால் ஜிங்க் என்பார்கள்) நேர்முனையில் கட்ட வேண்டும். இரண்டும் துத்தநாக உப்புக் கரைசலில் மூழ்கியிருக்க வேண்டும். கரண்ட் போனால் தகட்டிலிருந்து உலோகம் கரைந்து, கரைசல் வழியாக வந்து, இரும்பின் மேல் படியும். அவ்வளவுதான்.

எவ்வளவு படியும் என்பதையும் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். 1830களில் மைக்கேல் ஃபாரடே சொல்லிவிட்டுப் போன விதி இருக்கிறது. ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 1.22 கிராம் துத்தநாகம் படியும். பத்து சென்டிமீட்டர் நீள அகலமுள்ள ஒரு பரப்பில் 10 மைக்ரான் கனத்துக்கு முலாம் வேண்டுமென்றால் தேவைப்படுவது சுமார் 0.7 கிராம். இரண்டு ஆம்பியரில் பதினெட்டு நிமிடம். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

அதாவது உலோகத்துக்கும் கரண்டுக்கும் ஆகும் செலவு சில்லறைக் காசு. அப்படியானால் பட்டறைக்காரர் ஏன் அவ்வளவு கேட்கிறார்? தேய்க்கும் ஆளுக்குக் கூலி, தொட்டிக்கு முதலீடு, அதோடு கழிவுநீரைச் சுத்திகரிக்க ஆகும் செலவு. ஒழுங்காக நடக்கும் பட்டறை என்றால் அந்தக் கடைசிச் செலவைக் கட்டாயம் செய்தாக வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016ல் வெளியிட்ட வகைப்பாட்டில் மின்முலாம் பூசும் தொழில் சிவப்புப் பிரிவில் இருக்கிறது. மாசு அதிகம் உண்டாக்கும் தொழில்களுக்கான பிரிவு அது.

இப்போது வீட்டுக்காரரின் கணக்கைப் பாருங்கள். தேய்க்கும் கூலி இல்லை, சொந்தக் கை. சரி. தொட்டி இல்லை, பிளாஸ்டிக் டப்பா. அதுவும் சரி. கழிவுநீர்? அந்தப் பத்தியே கணக்கில் இல்லை! பேரேட்டில் ஒரு செலவை எழுதாமல் விட்டால் செலவு மறைந்துவிடாது. வேறு யாருடைய பெயரிலோ பற்று எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இங்கே அந்த வேறு யாரோ, பக்கத்து வீட்டு போர்வெல்காரர்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பழமொழி சொல்வார்களே, அதுதான் இது.

குரோம் என்னும் பேய்

எல்லா முலாமும் ஒன்றல்ல. குடிநீரில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012) சொல்கிறது. ஒரு லிட்டருக்குத் துத்தநாகம் 5 மில்லிகிராம். குரோமியம் 0.05. நிக்கல் 0.02. காட்மியம் 0.003. துத்தநாகத்துக்கும் குரோமியத்துக்கும் நடுவே நூறு மடங்கு வித்தியாசம்! ஆனால் வீட்டு முலாம் ஆட்களின் பேச்சில் எல்லாமே "பிளேட்டிங்" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது.

இவற்றில் மோசமானது குரோம். வழக்கமான குரோம் தொட்டியில் லிட்டருக்கு சுமார் 250 கிராம் குரோமிக் ஆசிட் இருக்கும். அதில் உள்ள குரோமியம் மட்டும் 130 கிராம். ஆறு இணைதிறன் குரோமியம் என்று இதற்குப் பெயர். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 1990லேயே சேர்த்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் இதைப் பயன்படுத்த முடியாதபடி ஆக்கினார்கள்.

சாமானைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கரைசல் வரும். பக்கெட்டில் முக்கிக் கழுவினால் அது பக்கெட்டில் சேரும். பக்கெட் எங்கே கொட்டப்படும் என்று சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு வண்டியின் சாமான்களை முடிக்கும்போது அரை டம்ளர், அதாவது 100 மில்லி கரைசல் வெளியே போனதாக வைத்துக்கொள்வோம். அதில் 13 கிராம் குரோமியம். அது கலந்தால் 2 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர் சுத்தமான தண்ணீர் குடிநீர் வரம்பைத் தொட்டுவிடும். பத்தடி விட்டமும் பதினைந்தடித் தண்ணீரும் உள்ள ஒரு கிணற்றில் இருப்பது சுமார் 33 ஆயிரம் லிட்டர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய எட்டுக் கிணறு!

ஒரு ஹேண்டில்பார் மின்ன எட்டுக் கிணறு. இது என்ன சிக்கனம்?

தண்ணீரோடு முடிந்தாலும் பரவாயில்லை. குரோம் தொட்டியில் அனுப்பும் கரண்டில் பத்திலிருந்து இருபது சதவீதம்தான் முலாமாகிறது. மிச்சம் பெரும்பாலும் ஹைட்ரஜன் குமிழியாகப் போகிறது. குமிழி மேலே வந்து வெடிக்கும்போது குரோமிக் ஆசிட்டைப் பொடித் துளியாகக் காற்றில் தூக்கி வீசுகிறது. தொழிற்சாலையில் அதை உறிஞ்ச ஃபேனும் குழாயும் வடிகட்டியும் வைத்திருப்பார்கள். வீட்டில் என்ன இருக்கிறது? மொட்டை மாடியும், பக்கத்திலேயே துணி காயும் கொடியும்.

இத்தனைக்கும் அந்தக் குரோம் படலம் எவ்வளவு கனம் தெரியுமா? அலங்கார குரோமில் பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாது. கண்ணாடி போன்ற பளபளப்பையும் துருவிலிருந்து காப்பையும் தருவது அடியில் இருக்கும் நிக்கலும், அதற்கு முன்னால் தேய்த்த தேய்ப்பும்தான். குரோம் மேலே ஒரு நீலச் சாயலும் கீறல் விழாத தன்மையும் சேர்க்கிறது. சரியாகத் தேய்க்காமல், நிக்கல் போடாமல், நேராக குரோமில் முக்கினால் பட்டறையின் மினுக்கு வரவே வராது. நஞ்சு மட்டும் முழுசாக வரும்.

"என் ஒருத்தனால என்ன ஆகப்போகுது?"

வழக்கமாக வரும் பதில்கள் மூன்று.

முதல் பதில், "நான் வினிகர்தானே உபயோகிக்கிறேன், குரோம் இல்லையே" என்பது. வினிகரில் நிக்கல் தகட்டைப் போட்டுக் கரண்ட் விட்டால் அது நிக்கல் அசிட்டேட் ஆகிறது. பார்க்க அழகான பச்சைத் தண்ணீர். பச்சையாக இருப்பதாலேயே அது பசுமைத் திட்டம் ஆகிவிடாது. நிக்கல் உப்புகள் தோலில் அரிப்பைக் கிளப்பும். அவையும் அதே புற்றுநோய்ப் பட்டியலில் இருக்கின்றன. இன்னொரு கூத்து, துரு நீக்குவதற்கு உப்புத் தண்ணீரில் எவர்சில்வர் கரண்டியை நேர்முனையாகக் கட்டுவது. எவர்சில்வரிலேயே குரோமியம் இருக்கிறது. கரண்ட் அதைக் கரைத்து, விலை கொடுத்து வாங்காமலே ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தயாரித்துக் கொடுத்துவிடும். தண்ணீர் மஞ்சளாக மாறும்போது "துரு இறங்குது" என்று சந்தோஷப்படுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கவும். துரு நீக்கப் பழைய இரும்புத் தகடு போதும்.

இரண்டாவது பதில், "பட்டறைக்காரன் மட்டும் யோக்கியமா? அவனும் சாக்கடையிலதான் ஊத்துறான்." சில பட்டறைகள் ஊற்றத்தான் செய்கின்றன. அதற்காகப் பட்டறையைப் பிடிக்க வேண்டும். பட்டறைக்கு முகவரி உண்டு, உரிமம் உண்டு, சோதனைக்கு அதிகாரி போக முடியும். ஆயிரம் மொட்டை மாடிகளுக்கு எந்த அதிகாரி போவார்? திருடன் ஒருவன் இருக்கிறான் என்பது இன்னொருவன் திருடுவதற்கு ரசீது ஆகாது.

மூன்றாவது பதில்தான் பலருக்கும் பிடித்தது. "ஒரு டம்ளர் ஊத்துறதால ஊரே அழிஞ்சிடுமா?" மண்ணில் உள்ள மக்கிய பொருட்கள் இந்தக் குரோமியத்தில் ஒரு பகுதியை அபாயம் குறைந்த வடிவத்துக்கு மாற்றிவிடும் என்பதும் உண்மையே. ஆனால் எவ்வளவு மாறும், எவ்வளவு அப்படியே நிலத்தடி நீருக்கு இறங்கும் என்பது ஊற்றுகிறவர் கையில் இல்லை. அந்தச் சூதாட்டத்தில் பணயம் வைக்கப்படுவது அவருடைய தண்ணீர் மட்டுமல்ல.

குரோமியம் நிலத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத் தமிழ்நாட்டுக்காரர்கள் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் குரோமேட் இரசாயனம் தயாரித்த ஆலை ஒன்று 1990களின் நடுவில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு பல ஆண்டுகள் அங்கேயே திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் கசிந்தது. சுற்றுவட்டார நிலத்தடி நீர் கெட்டது. 2006ல் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மிகவும் மாசுபட்ட பத்து இடங்கள் என்று வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டையும் ஒன்று. ஆலை ஓடியது ஏறக்குறைய இருபது வருடம். அந்த மண் பட்ட பாடு அதைவிட நீளம். லாபம் எடுத்தவர்களின் கணக்கு மூடப்பட்டுவிட்டது. நட்டக் கணக்கு மட்டும் கிணற்றுக்காரர்கள் பெயரில் திறந்தே இருந்தது.

ஆலையின் மலையையும் மாடியின் டம்ளரையும் ஒன்றாக நிறுத்துவது நியாயமா என்று கேட்கலாம். அளவு ஒன்றல்ல. கணக்கு எழுதும் முறை ஒன்றுதான்.

வண்டிக்காகவாவது யோசியுங்கள்

ஊரைப் பற்றிக் கவலைப்படாதவர்களும் தங்கள் கழுத்தைப் பற்றிக் கவலைப்படுவார்கள் இல்லையா? அவர்களுக்கு ஒரு விஷயம்.

ஆசிட்டில் ஊறவைக்கும்போதும் முலாம் பூசும்போதும் உண்டாகும் ஹைட்ரஜனில் கொஞ்சம் இரும்புக்குள்ளேயே புகுந்துவிடும். சாதாரண மென்மையான போல்ட்டில் பெரிய பிரச்னை இல்லை. கடினப்படுத்திய எஃகில் அது வினை. பார்வைக்குப் புதுசு போல இருக்கும். முடுக்கி வைத்த பிறகு சில மணி நேரத்திலோ சில நாளிலோ, முன்னறிவிப்பே இல்லாமல் பட்டென்று உடையும். ஸ்பிரிங்குகளும், தலையில் 10.9, 12.9 என்று எண் பொறித்த உறுதியான போல்ட்டுகளும் இந்த ஜாதி. பட்டறையில் முறையாகச் செய்பவர்கள் முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சுட்டு அந்த ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். பழைய வண்டியின் போல்ட்டில் எண்ணே இருக்காது. எது எந்த எஃகு என்று சொல்ல ஆளும் இல்லை. ஆகவே ஆக்சில், ஃபோர்க், ஸ்டியரிங், பிரேக் சம்பந்தப்பட்ட சாமான்களும் ஸ்பிரிங்குகளும் வீட்டுத் தொட்டிக்குள் இறங்கவே கூடாது. அவற்றுக்கு அழகைவிட உறுதி முக்கியம்.

இன்னொன்று. "ஒரிஜினல் கண்டிஷன்" என்று சொல்லிக்கொண்டு கண்டதுக்கெல்லாம் குரோம் போடுவது பெரிய பொய். வணிக அளவில் குரோம் முலாம் புழக்கத்துக்கு வந்ததே 1920களின் பிற்பகுதியில்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் மின்னியது நிக்கல். பிந்தைய பிரிட்டிஷ் வண்டிகளிலும் நட்டு போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் குரோம் கிடையாது. மங்கலான வெள்ளிச் சாம்பல் நிறத்தில் காட்மியம் பூசியிருப்பார்கள். அந்தக் காட்மியத்தை இன்று வீட்டில் தொடுவது பைத்தியக்காரத்தனம். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகையில் மக்களின் எலும்பை உருக்கிய இதாய்-இதாய் நோய்க்குக் காரணம் காட்மியம்தான் என்று அந்த நாட்டு அரசே 1968ல் அறிவித்தது. நல்லவேளையாக, காட்மியத்தின் சாயலுக்கு மிக அருகில் வருவது மூன்றிலும் அபாயம் குறைந்த துத்தநாகம்தான். அதுவும் இரும்புக்கு முன்னால் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காக்கும். 1955ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் பழைய புல்லட் ஒன்றின் போல்ட், கல்யாணப் பாத்திரம் மாதிரி மின்னினால் அது மீட்டெடுத்த வண்டி அல்ல, வேஷம் போட்ட வண்டி.

அப்போ என்னதான் செய்வது?

குறை சொல்லிவிட்டு ஓடிப்போவது நியாயமில்லை. வழி இருக்கிறது.

குரோம் வீட்டில் வேண்டாம். இதில் பேரமே இல்லை. காட்மியத்துக்கும் அதே பதில்.

துத்தநாகம் வீட்டில் செய்யலாம். நிக்கல் செய்தே ஆக வேண்டும் என்பவர்கள் கையுறை போட்டு, காற்றோட்டத்தில், ஒரு சொட்டும் வெளியே போகாது என்ற உறுதி இருந்தால் மட்டும் செய்யலாம். இந்த இரண்டிலும் ஒரு வசதி உண்டு. கரைசலிலிருந்து எவ்வளவு உலோகம் போகிறதோ ஏறக்குறைய அவ்வளவு தகட்டிலிருந்து கரைந்து வந்து சேர்ந்துவிடும். அதனால் கரைசலைக் கொட்ட வேண்டிய அவசியமே இல்லை. வடிகட்டி, மூடி போட்ட கேனில் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்தால் அடுத்த வண்டிக்கும் ஆகும். கழுவுவதற்கு ஓடும் குழாய் வேண்டாம். ஒரு டப்பாவில் நிறுத்திய தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். தொட்டியில் ஆவியாகிக் குறையும் இடத்துக்கு அந்தக் கழுவின தண்ணீரையே ஊற்றிக்கொள்ளலாம். உலோகமும் வீணாகாது, சாக்கடைக்கும் போகாது.

மிச்சமாகும் ஆசிட்டைச் சலவைச் சோடா போட்டு முறித்தால் கரைந்த உலோகத்தில் பெரும்பகுதி சேறாக அடியில் தங்கும். அந்தச் சேற்றைக் காயவைத்து மூடி, சுத்திகரிப்பு வசதி உள்ள பட்டறையில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்க வழி இல்லாதவர் தொடங்கவே கூடாது. முதல் போல்ட்டை முக்குவதற்கு முன் கடைசிச் சொட்டு எங்கே போகும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி பட்டறைக்காரர் வாயிலிருந்தே வந்தது. "மூட்டையா கொண்டாங்க." பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு மூட்டை ஆகாதா? ஊருக்கு ஊர் பழைய வண்டிச் சங்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகச் சேர்ந்து வண்டி ஓட்டி, இட்லி சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அதே பத்துப் பேர் தங்கள் நட்டு போல்ட்டுகளைக் கம்பியில் கோத்து, எண்ணி, சீட்டுக் கட்டி, போட்டோ எடுத்து, கழிவைச் சுத்திகரிக்கும் பட்டறையாகப் பார்த்து ஒன்றாகக் கொடுத்தால் கூலியும் குறையும், வாஷரும் தொலையாது. "உங்க கழிவுத் தண்ணிய என்ன பண்றீங்கண்ணே?" என்று பத்து வாடிக்கையாளர்கள் சேர்ந்து கேட்டால் பட்டறைக்காரரும் பதில் சொல்லியாக வேண்டும்.

பழைய வண்டியைக் காப்பாற்றுவது நல்ல காரியம். காயலான் கடைக்குப் போக வேண்டியதை மறுபடி சாலைக்குக் கொண்டுவருவதில் ஒரு மரியாதை இருக்கிறது, முன்னால் அதைச் செய்த தொழிலாளிக்குச் செய்யும் மரியாதை. அந்த மரியாதையை அடுத்த வீட்டுக் கிணற்றின் செலவில் செய்யக்கூடாது.

அடுத்த முறை யாராவது மின்னும் போல்ட் ஒன்றை நீட்டி, "வீட்லயே பண்ணினது, செலவே இல்ல" என்று பெருமையடித்தால் தாராளமாகப் பாராட்டுங்கள். பாராட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்.

கழுவின தண்ணி எங்கே?